பதினாறு தலை இருப்பதாகச் சொன்ன டிஸ்க்

எஸ்.எஸ்.டி. என்பது உள்ளே எதுவுமே சுற்றாத டிஸ்க். தட்டு கிடையாது, தட்டைப் படிக்கும் தலை கிடையாது, மோட்டார் கிடையாது. சில சிப்புகள் ஒட்டிய சின்ன அட்டை, அதை மூட ஒரு டப்பா, அவ்வளவுதான். ஆனால் பழைய லேப்டாப்புகளில் மாட்டும் சாட்டா வகை எஸ்.எஸ்.டி. ஒன்றிடம் "உன்னைப் பற்றிச் சொல்" என்ற கட்டளையை அனுப்பிப் பாருங்கள். 512 பைட் நீளத்துக்கு ஒரு பதில் வரும். மாடல் பெயர், சீரியல் நம்பர் எல்லாம் அதில் சரியாகவே இருக்கும். கூடவே இன்னொரு தகவலும் இருக்கும்: சிலிண்டர்கள் 16,383, தலைகள் 16, ஒரு தடத்துக்கு செக்டர்கள் 63.

சுத்தப் பொய். இல்லாத தலையை எண்ணிச் சொல்கிறது. இந்த மூன்று எண்ணையும் பெருக்கி, ஒரு செக்டருக்கு 512 பைட் என்று கணக்குப் போட்டால் சுமார் 8.4 ஜி.பி. வருகிறது. என் கையில் இருந்ததோ 240 ஜி.பி. டிஸ்க்.

அந்த டிஸ்க்கை நான் வாங்கியது சித்தப்பாவின் லேப்டாப்புக்காக. கோவில்பட்டிப் பக்கம் ஒரு சின்ன ஊரில் டி.டி.பி. சென்டர் வைத்திருக்கிறார். கல்யாணப் பத்திரிகை, காதுகுத்து, கோயில் கொடை நோட்டீஸ், கண்ணீர் அஞ்சலி, பில் புக். 2008-இல் வாங்கிய லேப்டாப். அதில் விண்டோஸ் எக்ஸ்.பி., பேஜ்மேக்கர் 7, ஒரு தமிழ் கீபோர்டு சாஃப்ட்வேர், இருநூறு சொச்சம் தமிழ் ஃபான்ட்டுகள். இன்டர்நெட் கனெக்‌ஷனே கொடுத்ததில்லை. எக்ஸ்.பி.க்கான பாதுகாப்பு அப்டேட்டுகள் 2014 ஏப்ரல் 8-ஆம் தேதியோடு நின்றுவிட்ட பிறகு அது ஒரு வகையில் நல்லதாகவே போயிற்று.

"புதுசு வாங்கிரலாமே சித்தப்பா" என்று சொல்லிப் பார்த்தேன். "வாங்கலாம் பாப்பா. புதுசுல இந்த ஃபைல் ஓப்பன் ஆகுமா, அதச் சொல்லு" என்றார். ஆகாது என்று எனக்குத் தெரியும். ஏன் ஆகாது என்பதை யோசிக்கப் போய்த்தான், ரிப்பேரின் ஒவ்வொரு படியிலும் ஒரு பழைய பொய்யில் தடுக்கி நின்றேன். ஹார்ட் டிஸ்க்கின் வரலாற்றை அந்தப் பொய்களின் வழியாகவே சொல்லிவிடலாம் என்று இப்போது தோன்றுகிறது.

கடைசி வரை "நல்லா இருக்கேன்"

பழைய டிஸ்க் டக், டக் என்று சத்தம் போட ஆரம்பித்திருந்தது. சுற்றும் தட்டில், தான் எங்கே இருக்கிறோம் என்று கண்டுபிடிக்கத் தலைக்குச் சில அடையாளக் குறிகள் உண்டு. அதைப் படிக்க முடியாமல் போனால் தலை ஒதுங்கிப்போய், மறுபடி வந்து, மறுபடி தேடும். அந்தத் தேடலின் சத்தம்தான் அது.

தலை, தட்டு என்ற இந்த ஏற்பாடு 1956 செப்டம்பரில் ஐ.பி.எம். அறிவித்த ராமாக் என்ற கணினியோடு வந்தது. கலிஃபோர்னியாவின் சான் ஹோசேயில் ரெனால்ட் ஜான்சன் தலைமையிலான குழு உருவாக்கியது. அதன் டிஸ்க் பகுதிக்கு 350 என்று பெயர். 24 அங்குல அகலத்தில் 50 தட்டுகள், ஏறக்குறைய ஒரு டன் எடை. இத்தனைக்கும் சேர்த்துக் கொள்ளளவு 50 லட்சம் எழுத்துகள். இன்றைக்குப் போனில் எடுக்கும் ஒரு போட்டோ அதில் அடங்குவது சிரமம். தலை தட்டில் உரசிவிடாமல் இருக்க அழுத்தக் காற்றை ஊதி அதை மிதக்க வைத்தார்கள். பின்னால் வந்த டிஸ்க்குகளில் தட்டு சுற்றும் வேகத்தில் எழும் காற்றே தலையைத் தூக்கிக்கொண்டது. இப்போது அந்த இடைவெளி சில நானோமீட்டர்கள்தான். ஒரு தூசி போதும், கதை முடிந்தது.

தட்டில் ஒரு செக்டர் கெட்டுப்போனால் நவீன டிஸ்க் அதை வெளியே சொல்லாது. இதற்கென்றே ஒதுக்கி வைத்திருக்கும் உபரி செக்டர் ஒன்றை எடுத்து, அதே எண்ணில் உட்கார வைத்துவிடும். விண்டோஸுக்கு எல்லாம் சரியாக இருப்பதாகவே தெரியும். எத்தனை தடவை இப்படி மாற்றியது என்பதை மட்டும் டிஸ்க் தனக்குள்ளே ஒரு கணக்கில் எழுதிவைக்கும். அந்தக் கணக்குக்கு ஸ்மார்ட் என்று பெயர். யாராவது கேட்டால்தான் அதைக் காட்டும். சித்தப்பாவின் டிஸ்க்கில் இடம் மாற்றப்பட்ட செக்டர்கள் நூற்றுக்கணக்கில் இருந்தன. அதாவது ரொம்ப நாளாகவே முடியாமல் இருந்திருக்கிறது. வெளியே சொல்லவில்லை.

முதல் வேலை, உள்ளே இருப்பதைக் காப்பாற்றுவது. லினக்ஸ் போட்ட பென் டிரைவிலிருந்து லேப்டாப்பை பூட் செய்து ஜி.என்.யு. டிடிரெஸ்க்யூ என்ற இலவச மென்பொருளை ஓடவிட்டேன். அது புத்திசாலித்தனமாக நடந்துகொள்ளும். சாதாரண காப்பி செய்யும் முறை, கெட்ட இடத்தில் முட்டிக்கொண்டு அங்கேயே நின்றுவிடும். இது முதல் சுற்றில் சுலபமாக வருவதை எல்லாம் அள்ளிக்கொண்டு, முரண்டு பிடிக்கும் இடங்களைக் குறித்துவைத்து, கடைசியில் போய் அவற்றோடு மல்லுக்கட்டும். நடுவில் கரண்ட் போனாலும் விட்ட இடத்திலிருந்து தொடரும். இரண்டு ராத்திரி ஓடியது. டிஸ்க்கின் முழு நகல் ஒன்று, சில கிழிசல்களோடு, வெளி டிஸ்க்கில் வந்து சேர்ந்தது. கிழிசல்கள் விண்டோஸ் இருந்த பகுதியில்தான் அதிகம். வேலை ஃபைல்கள் தப்பித்தன. விண்டோஸைப் புதிதாகத்தான் போட வேண்டும்.

512 பைட் கதவு

எஸ்.எஸ்.டி.யை மாட்டிப் பவர் பட்டனை அமுக்கினால் கறுப்புத் திரையில் ஒரே வரி: ஆபரேட்டிங் சிஸ்டம் இல்லை. காலி டிஸ்க் அப்படித்தான் சொல்லும். பயப்பட ஒன்றுமில்லை. ஆனால் ஒரு டிஸ்க் காலியா இல்லையா என்று லேப்டாப் எப்படி முடிவெடுக்கிறது என்பது கவனிக்க வேண்டிய விஷயம்.

அந்தக் காலத்து லேப்டாப்புகளின் பயாஸ், டிஸ்க்கின் முதல் செக்டரை மட்டும் படிக்கும். 512 பைட். அதன் கடைசி இரண்டு பைட்டில் ஒரு குறிப்பிட்ட முத்திரை இருக்கிறதா என்று பார்க்கும். இருந்தால் அங்கே இருக்கும் நிரலிடம் கட்டுப்பாட்டை ஒப்படைக்கும். இல்லாவிட்டால் கைவிரிக்கும். 1983 மார்ச்சில் ஐ.பி.எம். பி.சி. எக்ஸ்.டி. என்ற கணினி 10 எம்.பி. ஹார்ட் டிஸ்க்கோடு வந்தபோது, கூடவே வந்த டாஸ் 2.0 இந்த முதல் செக்டருக்கு ஒரு வடிவம் கொடுத்தது. நிரலுக்கு 446 பைட், நான்கு பார்ட்டிஷன்களின் விவரத்துக்கு 64 பைட், முத்திரைக்கு 2 பைட். 10 எம்.பி.க்குப் போட்ட அந்தத் திட்டத்தின் வாசல் வழியாகத்தான் கால் நூற்றாண்டு கழித்து வந்த லேப்டாப்பும் உள்ளே நுழைந்தது.

1984-இன் வேஷம்

எக்ஸ்.பி. சி.டி.யைப் போட்டேன். நீலத் திரை வந்தது, ஃபைல்களை எல்லாம் ஏற்றியது, கடைசியில் "உங்கள் கணினியில் ஹார்ட் டிஸ்க் எதுவும் இல்லை" என்று சொல்லி நின்றது. பயாஸுக்குள் போய்ப் பார்த்தால் டிஸ்க் பெயரோடு உட்கார்ந்திருக்கிறது. பயாஸ் கண்ணுக்குத் தெரிவது விண்டோஸ் கண்ணுக்குத் தெரியவில்லை.

இதற்கு விடை தேதிகளில் இருக்கிறது. எக்ஸ்.பி. கடைகளுக்கு வந்தது 2001 அக்டோபர். சாட்டா டிஸ்க்குகளோடு பேசுவதற்கான ஏ.எச்.சி.ஐ. என்ற முறை வெளியானது 2004. பிறக்காத மொழியை எக்ஸ்.பி. எப்படிக் கற்றிருக்கும்? அதற்குத் தெரிந்த மொழி ஐ.டி.இ. அந்த மொழியின் வேர் 1984 ஆகஸ்டில் வந்த ஐ.பி.எம். பி.சி. ஏ.டி. என்ற கணினியின் டிஸ்க் கன்ட்ரோலரில் இருக்கிறது. எண்பதுகளின் நடுவில் காம்பாக், வெஸ்டர்ன் டிஜிட்டல் போன்ற நிறுவனங்கள் அந்த கன்ட்ரோலரைத் தூக்கி டிஸ்க்கின் மேலேயே ஒட்டிவைத்தன. கணினிக்கு வித்தியாசமே தெரியக் கூடாது என்பதற்காக, ஏ.டி.யின் கன்ட்ரோலர் எந்த முகவரியில், எந்த வரிசையில் பதில் சொல்லுமோ, அதே மாதிரி டிஸ்க்கும் பதில் சொன்னது.

எக்ஸ்.பி.க்குப் புது மொழி கற்றுக்கொடுக்க ஒரு வழி வைத்திருந்தார்கள். இன்ஸ்டால் தொடங்கும்போது எஃப்6 பட்டனை அமுக்கி, டிரைவரை ஃப்ளாப்பியில் கொடுக்கலாம். ஃப்ளாப்பி டிரைவே இல்லாத லேப்டாப்புக்கு இது ஆகிற காரியமா? இன்னொரு வழி பயாஸில் இருந்தது. சாட்டா மோடு என்ற இடத்தில் ஏ.எச்.சி.ஐ. என்பதை எடுத்துவிட்டு ஐ.டி.இ. என்று மாற்றினேன். அவ்வளவுதான், சி.டி. டிஸ்க்கைக் கண்டுகொண்டது.

அந்த ஒரு மாற்றத்தில் நடந்தது என்னவென்றால், 2008-இன் சிப்செட் ஒன்று 1984-இன் கன்ட்ரோலர் போல வேஷம் கட்டிக்கொண்டது. கேபிள் சாட்டா, டிஸ்க் எஸ்.எஸ்.டி., ஆனால் எக்ஸ்.பி. பார்ப்பதெல்லாம் ஏ.டி. காலத்து ஆளைத்தான். லேப்டாப் தயாரித்தவர்கள் இந்த வேஷத்தைப் பெட்டியில் வைத்துக் கொடுத்திருந்தார்கள். எல்லா மாடல்களிலும் இந்த ஆப்ஷன் இருக்காது. சித்தப்பாவுக்கு அதிர்ஷ்டம்.

பிட்டுகளில் கஞ்சத்தனம்

அடுத்த தடங்கல்: 240 ஜி.பி. டிஸ்க்கை சி.டி. சுமார் 1,31,000 எம்.பி. என்று காட்டியது. மீதி எங்கே?

இந்த இடத்தில் பதினாறு தலைக் கதைக்குத் திரும்ப வேண்டும். ஆரம்ப காலத்தில் டிஸ்க்கில் ஒரு இடத்தைச் சொல்ல மூன்று எண்கள் தேவைப்பட்டன. எத்தனையாவது சிலிண்டர், எந்தத் தலை, எந்த செக்டர். தெரு, வீடு, ரூம் மாதிரி. அது உண்மையான முகவரி. நிஜமாகவே நாலு தலை இருந்தால் நாலு என்று சொல்லும். ஏ.டி. கணினியின் பயாஸில் ஒரு பட்டியலே இருந்தது. டைப் 1 டிஸ்க்குக்கு இத்தனை சிலிண்டர், இத்தனை தலை, டைப் 2-க்கு இத்தனை என்று. நம் டிஸ்க் எந்த டைப் என்று நாமே பார்த்துச் சொல்ல வேண்டும்.

பயாஸ் இந்த மூன்று எண்ணுக்கும் ஒதுக்கிய இடம் ரொம்பக் கொஞ்சம். சிலிண்டருக்கு 10 பிட், தலைக்கு 8 பிட், செக்டருக்கு 6 பிட். செக்டர்களை 1-லிருந்து எண்ணியதால் 6 பிட்டில் 63 வரைதான் போக முடியும். ஐ.டி.இ. டிஸ்க்குகள் வேறு மாதிரிப் பங்கு பிரித்தன. சிலிண்டருக்கு 16, தலைக்கு 4, செக்டருக்கு 8. தனித்தனியாகப் பார்த்தால் இரண்டிலுமே தாராளமான இடம். சேர்த்து வைத்தால் ஒவ்வொன்றிலும் குறைந்ததுதான் நிற்கும். 1024 சிலிண்டர், 16 தலை, 63 செக்டர். மொத்தம் 528 எம்.பி. தொண்ணூறுகளின் நடுவில் அதைவிடப் பெரிய டிஸ்க் வாங்கியவர்கள் இந்தச் சுவரில் போய் முட்டினார்கள்.

அதற்குள் டிஸ்க்குகளும் உண்மை பேசுவதை விட்டிருந்தன. வட்டத் தட்டின் வெளித் தடம் நீளமானது, உள் தடம் குட்டை. எல்லாத் தடத்திலும் ஒரே எண்ணிக்கையில் செக்டர் வைத்தால் வெளியே இடம் வீண். அதனால் வெளியே அதிகம், உள்ளே குறைவு என்று மாற்றி வைத்தார்கள். இனி "ஒரு தடத்துக்கு எத்தனை செக்டர்?" என்று கேட்டால் ஒரே எண்ணைப் பதிலாகச் சொல்ல வழியில்லை. ஆனால் பயாஸ் அந்தக் கேள்வியைக் கேட்டுக்கொண்டே இருந்தது. எனவே டிஸ்க் ஒரு எண்ணைச் சொல்லி வைத்தது. கேட்கிறவர் மனசு நோகாமல் ஒரு பதில். அப்புறம் பயாஸ், டிஸ்க் சொன்ன 16 தலையை 255 வரை பெருக்கி, சிலிண்டரை அதற்கேற்ப வகுத்து, விண்டோஸிடம் இன்னொரு கணக்கைச் சொன்னது. பொய்யின் மேல் பொய். அதனால் சுவர் 8.4 ஜி.பி.க்குத் தள்ளிப் போயிற்று.

கடைசியில் தெரு, வீடு, ரூம் எல்லாவற்றையும் விட்டுவிட்டு, முதல் செக்டருக்குப் பூஜ்யம், அடுத்ததற்கு ஒன்று என்று வரிசையாக எண் கொடுத்தார்கள். அந்த எண்ணுக்கு 28 பிட். கணக்குப் போட்டால் 137 ஜி.பி. அடுத்த சுவர். 2002 வாக்கில் அதை 48 பிட் ஆக்கினார்கள். சித்தப்பாவிடம் இருந்த சி.டி. எந்த சர்வீஸ் பேக்கும் சேராத 2001-இன் சி.டி. அதற்கு 28 பிட்தான் தெரியும். 1,31,072 எம்.பி. என்பதும் 137 ஜி.பி. என்பதும் ஒரே எல்லையின் இரண்டு பெயர்கள். சர்வீஸ் பேக் 3 சேர்த்த சி.டி.யைத் தேடிப் போட்டதும் முழு டிஸ்க்கும் தெரிந்தது.

63-ஆம் செக்டரின் சாபம்

எக்ஸ்.பி.யின் வழக்கப்படி முதல் பார்ட்டிஷன் 63-ஆம் செக்டரில் தொடங்கும். ஏன் 63? முதல் தடத்தை பூட் செக்டருக்காக விட்டுவிட்டு, அடுத்த தடத்தில் ஆரம்பிப்பது டாஸ் காலப் பழக்கம். ஒரு தடத்துக்கு 63 செக்டர் என்பதே பொய்யான கணக்கு. அந்தப் பொய்த் தடத்துக்கு மரியாதை கொடுத்து 63 செக்டர்களை விட்டுவைத்தார்கள்.

512 பைட் செக்டர்கள் இருந்தவரை இதனால் ஒரு கெடுதலும் இல்லை. 2009-இன் இறுதியிலிருந்து டிஸ்க்குகள் உள்ளுக்குள் 4096 பைட் செக்டருக்கு மாற ஆரம்பித்தன. வெளியே மட்டும் "நான் 512 தான்" என்று சொல்லிக்கொண்டன. விண்டோஸும் கோப்புகளை 4096 பைட் துண்டுகளாகத்தான் வைக்கிறது. 63 என்பது எட்டால் வகுபடாத எண் என்பதால், விண்டோஸின் ஒவ்வொரு துண்டும் டிஸ்க்கின் இரண்டு துண்டுகள் மேல் கால் வைத்து நிற்கும். ஒன்றை எழுத, இரண்டைப் படித்து, திருத்தி, இரண்டையும் எழுத வேண்டும். டிஸ்க் புதுசு, வேகம் மட்டும் மாட்டு வண்டி. எஸ்.எஸ்.டி.யிலும் இதே வம்பு உண்டு, தேய்மானமும் கூட.

அந்த நாட்களில் சில டிஸ்க்குகளில் ஒரு ஜம்பர் வைத்துக் கொடுத்தார்கள். அதை மாட்டினால், விண்டோஸ் 63 என்று கேட்கும்போது டிஸ்க் சத்தமில்லாமல் 64-ஐக் கொடுக்கும். ஒன்று கூட்டிச் சொல்லும் இந்தப் பொய் எனக்கு ரொம்பப் பிடித்தது. என் எஸ்.எஸ்.டி.யில் ஜம்பர் கிடையாது. எனவே லினக்ஸில் முன்கூட்டியே 2048-ஆம் செக்டரில் தொடங்கும் பார்ட்டிஷன் ஒன்றை உருவாக்கி, எக்ஸ்.பி.யை அதற்குள் போகச் சொன்னேன். மறுபேச்சில்லாமல் போயிற்று.

மறதி

சாயங்காலம் எல்லாம் ஓடியது. சித்தப்பா ஒரு பில் புக் அடித்துக் கொடுத்துவிட்டு சார்ஜரைக் கழற்றி வைத்துவிட்டுப் போனார். லேப்டாப்பின் பேட்டரி எப்போதோ செத்துப்போனது. மறுநாள் காலையில் நீலத் திரை. கடைசியில் 7பி என்று முடியும் பிழை எண். பூட் செய்ய வேண்டிய டிஸ்க்கைத் தொட முடியவில்லை என்று அர்த்தம்.

"நேத்து நல்லாத்தானே இருந்துச்சு?"

பயாஸில் போய்ப் பார்த்தேன். சாட்டா மோடு மறுபடி ஏ.எச்.சி.ஐ. தேதியும் பல வருஷம் பின்னால் போயிருந்தது. தேதி பின்னால் போனால் சந்தேகப்பட வேண்டியது காசு அளவுக்கு இருக்கும் ஒரு வட்ட பேட்டரி. இந்த ஏற்பாடும் 1984-இன் ஏ.டி. கணினியிலிருந்தே வருகிறது. அதில் மோட்டரோலாவின் கடிகாரச் சிப் ஒன்று இருந்தது. 64 பைட் நினைவகம். கடிகாரத்துக்கு 14 பைட் போக மீதி 50 பைட்டில் கணினி தன் அமைப்புகளைக் குறித்துவைத்தது. அதில் ஒரே ஒரு பைட்டின் இரண்டு பாதிகளில்தான் இரண்டு டிஸ்க்குகளின் டைப் எண்ணும் எழுதப்பட்டது. பேட்டரி தீர்ந்தால் தனக்கு என்ன டிஸ்க் என்பதே கணினிக்கு மறந்துபோகும்.

இந்த லேப்டாப்புக்கும் அதே வியாதி. வேஷம் கட்ட வேண்டும் என்ற ஞாபகமே அந்தப் பேட்டரியை நம்பி இருந்தது. ராத்திரி ஞாபகம் போனது, காலையில் சிப்செட் தன் உண்மையான முகத்தோடு வந்து நின்றது, எக்ஸ்.பி.க்கு அடையாளம் தெரியவில்லை. கடைத்தெருவில் ஒரு வாட்ச் கடையில் பேட்டரி வாங்கிப் போட்டதும் சரியாயிற்று.

தமிழ் என்று நடித்த எழுத்துகள்

காப்பாற்றிய ஃபைல்களை ஏற்றி, பேஜ்மேக்கரில் ஒரு பத்திரிகையைத் திறந்தோம். ஃபான்ட்டுகளை இன்னும் போடவில்லை. திரை முழுக்க ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளும்.

யுனிகோடுக்கு முந்தைய தமிழ் டி.டி.பி. உலகமே ஒரு வேஷத்தின் மேல்தான் நின்றது. கணினிக்குத் தெரிந்தது 256 இடங்கள் கொண்ட ஒரு பட்டியல். ஃபான்ட் செய்தவர்கள் ஆங்கில எழுத்துகள் இருந்த இடத்தில் தமிழ் வடிவங்களை வரைந்து வைத்தார்கள். பாமினி என்ற புகழ்பெற்ற ஃபான்ட்டில் ஜே, கே, பி, ஓ, ஓர் அரைப்புள்ளி என்று ஐந்து குறிகள் சேர்ந்தால் கண்ணுக்குத் தெரிவது "தமிழ்". கணினியைப் பொறுத்தவரை அது கடைசி வரை ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளிதான். ஃபான்ட் இருக்கும்வரை தமிழ். ஃபான்ட்டை எடுத்துவிட்டால் வெறும் கிறுக்கல். ஒவ்வொரு நிறுவனமும் தன் இஷ்டத்துக்கு இடம் ஒதுக்கியதால் ஒரு ஃபான்ட்டில் அடித்தது இன்னொன்றில் தமிழாகவும் இருக்காது, ஆங்கிலமாகவும் இருக்காது. 1999-இல் சென்னையில் நடந்த தமிழ்நெட் மாநாட்டுக்குப் பிறகு டாம், டாப் என்று பொதுத் தரங்கள் வந்தன. யுனிகோடில் தமிழுக்கு 1991-லேயே இடம் இருந்தது. ஆனால் பேஜ்மேக்கருக்கு யுனிகோடு தெரியாது. சித்தப்பா மாதிரி ஆட்கள் பேஜ்மேக்கரிலேயே இருந்துவிட்டார்கள். கை பழகிவிட்டது, கஸ்டமர் காத்திருக்கிறார், வேறு என்ன செய்ய?

இந்தப் பொய்யில் ஆபத்து அதிகம். டிஸ்க்கின் பொய்யை மீறிப் போய் உள்ளே இருக்கும் பைட்டுகளைக் காப்பாற்ற முடிந்தது. இங்கே பைட்டுகள் அத்தனையும் பத்திரமாக இருக்கும்போதே தமிழ் தொலைந்துபோக முடியும். யுனிகோடுக்கு மாற்றும் கன்வெர்ட்டர்கள் இருக்கின்றன. ஆனால் ஒரு பத்திரிகையில் மாப்பிள்ளையின் பெயர் தமிழ் ஃபான்ட்டில் இருக்கும், பக்கத்திலேயே அவருடைய பி.ஈ. பட்டம் ஆங்கில ஃபான்ட்டில் இருக்கும். எழுத்தை மட்டும் தனியே உருவினால் எது வேஷம், எது நிஜ ஆங்கிலம் என்று கன்வெர்ட்டருக்குத் தெரியாது. பட்டத்தையும் தமிழாக்கிக் குதறிவிடும். எந்தத் துண்டு எந்த ஃபான்ட்டில் அடிக்கப்பட்டது என்ற தகவலோடு வெளியே எடுக்க வேண்டும். அதற்கு பேஜ்மேக்கர் ஓட வேண்டும். பேஜ்மேக்கர் இருப்பது எக்ஸ்.பி.க்குள். எக்ஸ்.பி. நிற்பது ஐ.டி.இ. வேஷத்தின் மேல். அந்த வேஷம் ஒரு வாட்ச் கடை பேட்டரியின் மேல்.

ஃபான்ட்டுகளைப் போட்டதும் திரை தமிழுக்குத் திரும்பியது. சித்தப்பா ஒவ்வொரு ஃபோல்டராகத் திறந்து பார்த்தார். 2009-இல் பத்திரிகை அடித்த பையனுக்கு 2011-இல் குழந்தை காதுகுத்து. 2016-இல் அதே வீட்டில் தாத்தாவின் கண்ணீர் அஞ்சலி. "இவங்க வீட்டு மேட்டர் எல்லாம் நம்மகிட்டத்தான்" என்றார். சொந்தக்காரர்களின் பெயர் வரிசை, யார் பெயருக்கு முன்னால் 'அமரர்' சேர்ந்தது, எந்தப் பங்காளியின் பெயர் எந்த வருஷம் விடுபட்டது, எல்லாம் அந்த ஃபைல்களில் இருக்கிறது. ஊராட்சி அலுவலகத்தில் இருக்காது. அச்சடித்த தாளை அந்த வீடுகளிலேயே யாரும் வைத்திருக்கப் போவதில்லை.

இனி வேஷம் கிடையாது

லேப்டாப் இப்போது ஓடுகிறது. எத்தனை நாளைக்கு என்று யாராலும் சொல்ல முடியாது. இதற்கு அப்புறம் மாட்ட இன்னொரு இயந்திரம் கிடைப்பது கஷ்டம். பழைய பயாஸ் போல நடிக்கும் வசதியை 2020-க்குள் கைவிடப்போவதாக 2017-இல் இன்டெல் அறிவித்தது. புது லேப்டாப்புகளில் 1983-இன் முதல் செக்டரைத் தேடும் வழக்கம் போய்க்கொண்டிருக்கிறது. அவர்களைக் குறை சொல்ல முடியாது. முப்பது வருஷத்துக்கு முந்தைய கணினி போல நடிப்பதற்கும் யாராவது நிரல் எழுத வேண்டும், சோதித்துப் பார்க்க வேண்டும், ஓட்டை இருந்தால் அடைக்க வேண்டும். எத்தனை காலத்துக்கு?

ஆனால் அந்த நடிப்பை நிறுத்துவதை முடிவு செய்பவர்களின் மேஜையில் கோயில் கொடை நோட்டீஸ் இருக்காது. பெரிய நிறுவனங்களுக்குப் பழையதைப் புதியதற்கு மாற்றித்தர ஆள் உண்டு, பட்ஜெட் உண்டு. ஒற்றை ஆள் கடைக்கு யாரும் கடிதம் போட்டு "இந்தத் தேதிக்குள் மாற்றிக்கொள்" என்று சொல்வதில்லை. ஒருநாள் டிஸ்க் டக், டக் என்று சத்தம் போடும்போதுதான் அவருக்குத் தெரியவரும்.

அதனால் இப்போது இரண்டு வேலை நடக்கிறது. ஒன்று, அந்த எஸ்.எஸ்.டி.யை அப்படியே நகல் எடுத்து, என் கணினியில் கியூஈஎம்யூ என்ற மென்பொருளுக்குள் ஓடவைத்திருக்கிறேன். அது ஒரு முழுக் கணினியாகவே நடிக்கும். வழக்கமாக அது போடும் வேஷம் 1996-இன் இன்டெல் சிப்செட். உள்ளே இருக்கும் எக்ஸ்.பி. தான் ஒரு நிஜமான பழைய கணினியில் இருப்பதாகவே நம்புகிறது. அந்த டிஸ்க்கும் 16 தலை, 63 செக்டர் என்றுதான் சொல்கிறது. தட்டும் இல்லை, சிப்பும் இல்லை, அது வெறும் ஒரு ஃபைல்.

இரண்டாவது வேலை மெதுவானது. வாரத்துக்கு ஒரு ஃபோல்டர், ஃபான்ட் தகவலோடு வெளியே எடுத்து, யுனிகோடாக்கி, தப்பு திருத்துவது. 'ழ' வர வேண்டிய இடத்தில் வேறேதாவது வந்திருக்கிறதா என்று கண்ணால்தான் பார்க்க வேண்டும். ப்ரூஃப் பார்ப்பது சித்தப்பா. பெயர்களைப் பார்த்ததும் அவருக்கு ஆள் ஞாபகம் வந்துவிடுகிறது. போன வாரம் 2009-ஆம் வருஷ ஃபோல்டரில் வைகாசி மாதம் வரை முடித்திருக்கிறோம்.